நாலாவது ஸ்க்ரூ

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு டிசம்பரில், அடையாறு காந்தி நகரில் தொடங்கிய விஷயம் இது. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் குடும்பம், முதல் மாடியில் எங்கள் கம்பெனி. வாசலில் பெயர்ப்பலகை கூடக் கிடையாது. மொத்தமே பதினோரு பேர். நான் அங்கே இன்ஜினீயராக இருந்தேன். மந்தைவெளியிலிருந்து ஸ்கூட்டியில் போனால் கால் மணி நேரம்.

ராக்கெட்டுக்காக வேலை செய்கிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் கண்ணை விரிப்பார்கள். உண்மையில் நாங்கள் செய்துகொண்டிருந்தது டிபன் பாக்ஸ் அளவில் ஓர் அலுமினியப் பெட்டி. அது எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

விண்வெளியில் எடையே இருக்காது என்று நினைக்கிறோம். முழுக்க அப்படி இல்லை. பூமியைச் சுற்றும் கலத்தின்மேல், அந்த உயரத்தில் இருக்கிற கொஞ்சநஞ்சக் காற்று உரசும். உள்ளே ஏதாவது ஒரு சின்ன மோட்டார் ஓடும். இதெல்லாம் சேர்ந்து உள்ளே இருக்கும் பொருளை மெல்ல, மிக மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும். பூமி நம்மை இழுத்துப் பிடித்திருக்கும் இழுப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்கிற அளவு. ஆனால் எடையில்லாத இடத்தில் ஒரு படிகம் எப்படி வளர்கிறது என்று பார்க்க நினைப்பவருக்கு அந்தத் தள்ளு எவ்வளவு, எப்போது வந்தது என்று தெரிந்தே ஆக வேண்டும். தெரியாவிட்டால் அவர் எடுத்த படங்களுக்கு அர்த்தமே இல்லை. அந்தத் தள்ளை அளக்கும் சென்சார்தான் எங்கள் பெட்டிக்குள் இருந்தது.

வேலையைக் கொடுத்தவர் நகரில் ஒரு கல்லூரிப் பேராசிரியை. மருந்து ஆராய்ச்சிக்கான ஒரு படிகத்தை மேலே வளர்த்துக் கேமராவில் படம் பிடிக்க, ஆறு வருடம் அலைந்து ராக்கெட்டில் இடம் வாங்கியிருந்தார்.

எங்களிடம் ஓர் அக்கா இருந்தார். சைதாப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஐ.டி.ஐ. படித்துவிட்டு டி.வி. பெட்டிகள் செய்யும் ஃபேக்டரியில் இருபது வருடம் இருந்தவர். அது மூடியபின் எங்களிடம் வந்தார். தலைமுடியைவிட மெல்லிய கம்பியை மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்து சாலிடர் செய்வார். நான் செய்தால் மூன்றில் ஒன்று ஒட்டாது. அவர் செய்தால் மறுபடி பார்க்கவே வேண்டியதில்லை. அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒவ்வோர் இணைப்பும் அவர் கை வைத்தது.

பெட்டியைச் சோதிக்க எங்களுக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை காலைகள்தான். மற்ற நாட்களில் எல்.பி. ரோடில் பஸ் போனால்கூடத் திரையில் கோடு எகிறும். அக்கா காலைப் பூசை முடிந்ததும் அப்படியே சர்ச்சிலிருந்து வந்துவிடுவார். பெட்டியை நிமிர்த்தி வைத்து ஒரு தடவை, கவிழ்த்து வைத்து ஒரு தடவை அளப்போம். இரண்டையும் கூட்டினால் பூமியின் இழுப்பு கழிந்துபோய், மிச்சமாக ஒரு சின்ன எண் நிற்கும். சென்சார் தானாகச் சொல்லும் பொய் அது. அதைத் தெரிந்துகொண்டால்தான் மேலே போனபின் அது சொல்வதில் எது நிஜம் என்று பிரிக்க முடியும். நான் எண்ணை வாசிப்பேன், அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டில் நேரம், எண், பெட்டியின் சூடு மூன்றையும் எழுதுவார். எழுத்து அச்சு போல இருக்கும்.

இந்தப் பொய், சூட்டுக்குத் தகுந்தபடி மாறும். எவ்வளவு மாறும் என்பதை ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக அளக்க வேண்டும். அதற்கு, பீரோ அளவிலான ஒரு மிஷினுக்குள் பெட்டியை வைத்துச் சூட்டையும் குளிரையும் மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள். எங்களிடம் அந்த மிஷின் கிடையாது. கிண்டியில் வேறொரு கம்பெனியில் இரண்டு நாளைக்குச் சொல்லி வைத்திருந்தோம்.

அந்த வாரம்தான் மழை பிடித்தது. கிண்டியில் அந்த மிஷின் இருந்த தரைத்தளத்தில் முழங்காலளவு தண்ணீர். இன்னும் பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியை நாங்கள் ஒப்படைக்க வேண்டிய தேதிக்கு நான்கு நாட்கள்தான் இருந்தன.

அந்த மழையில் ஒரு நாள் அக்கா மட்டும் எப்படியோ நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். நானும் அவரும்தான் மாடியில். மத்தியானம் கரண்ட் போனது. கம்ப்யூட்டரும் பெட்டியும் யு.பி.எஸ்.ஸில் ஓடின, ஏ.சி. மட்டும் நின்றது. நான் ஜன்னலோரம் போய் கிண்டிக்காரரிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால், அக்கா திரையைப் பார்த்தபடி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், இது ஏறிக்கினே போவுது? ஏ.சி. நின்ன டைம்லருந்து இப்பிடித்தான் கீது" என்றார்.

நான் பார்த்தேன். எண் உண்மையிலேயே ஏறியிருந்தது. சென்சார் தயாரித்தவர்கள் கொடுத்த தாளில் இருந்ததைவிட நாலைந்து மடங்கு வேகமாக. இது சாதாரணமில்லை என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"யு.பி.எஸ்.ல அப்படித்தான் வரும்க்கா. விடுங்க."

"சரி மேடம்" என்றார். ஆனாலும் கரண்ட் வரும்வரை எழுதுவதை அவர் நிறுத்தவில்லை.

மறுநாள் சோதனைத் தாளை நிரப்பினேன். சூட்டுச் சோதனை என்ற இடத்தில், தயாரித்தவர்கள் தாளில் இருந்த எண்ணை எடுத்து எழுதி, 'முடிந்தது' என்று டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். யாரும் சொல்லி நான் செய்யவில்லை. தேதியைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். நான் கேட்கவே இல்லை. சரியான நேரத்தில் முடித்துக் கொடுப்பவள் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது.

கடைசி நாள் பெட்டியை அதன் அடித்தகட்டில் பொருத்தும் வேலை. நாலு ஸ்க்ரூ. போதிய இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சத்தம் போடும் டிரைவர் ஒன்று உண்டு, அதை வைத்துத்தான் முடுக்க வேண்டும். ஒவ்வொன்றையும் முடுக்கியதும் தாளில் அதற்கான கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அக்கா முடுக்கினார். நான் பக்கத்தில் நின்றேன். கீழே வண்டி வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நாலாவது 'டிக்' கேட்டதுமே, "அக்கா, வாங்க வாங்க, இந்தப் பெட்டியைப் பிடிங்க" என்று நான்தான் அவசரப்படுத்தினேன். நாலாவது கட்டத்தில் கையெழுத்து விழவில்லை. அப்போது அதை நானும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

ராக்கெட் நல்லபடியாகப் போனது. ஆபீஸில் எல்லோரும் நின்றுகொண்டு டி.வி. பார்த்தோம். அக்கா கையில் ஜெபமாலை இருந்தது.

பிரச்சினை ஒரு மாதம் கழித்து வந்தது. பெட்டி அனுப்பிய அளவுகளை வரைந்து பார்த்தால், கோடு ஒரு பெரிய அலை மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஒன்றரை மணிக்கு ஒரு தடவை ஓர் அலை. அதாவது கலம் வெயிலுக்கு வரும்போது ஏறுகிறது, பூமியின் நிழலுக்குள் போனதும் இறங்குகிறது. நாங்கள் அளக்க நினைத்த தள்ளு அந்த அலைக்குள் எங்கேயோ மூழ்கிப் போயிருந்தது. பேராசிரியையின் படிகம் படத்தில் மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்தது. ஏதாவது தள்ளியதா, தானாக நகர்ந்ததா என்று அவர் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

எனக்குப் பதில் தெரியும். முதல் அலையைப் பார்த்தபோதே தெரியும்.

கம்பெனியை ஆரம்பித்த ஸார் மயிலாப்பூர்க்காரர். பெரிய வேலையை விட்டுவிட்டு வயதான காலத்தில் இதில் இறங்கியவர். கெட்டவர் இல்லை. ஆனால் அடுத்த வேலை கிடைப்பது இந்தப் பெட்டியை வைத்துத்தான் என்பதால் அந்த நாட்களில் அவர் தூங்கியிருக்க மாட்டார். பேராசிரியையும் வந்திருந்த கூட்டத்தில் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏம்மா, சூட்டுக்குத்தான் ஆடிண்டிருக்குன்னு பார்த்தாலே தெரியறதே. அந்த டெஸ்டெல்லாம் நீ பண்ணியோன்னோ?"

"பண்ணிட்டேன் ஸார்" என்றேன்.

இது பச்சைப் பொய். அடுத்தது அதைவிட மோசம். ஸார் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து, பொருத்திய தாளில் நின்றார். நாலாவது கட்டம் காலியாக இருந்தது.

"இங்கே கையெழுத்தே காணுமே. ஒரு ஸ்க்ரூ லூஸா இருந்திருந்தா பெட்டி தகட்டோட ஒட்டி உக்காந்திருக்காது. சூடு சரியா இறங்கியிருக்காது. அதனால இப்படி வருமா?"

"வரலாம் ஸார்" என்றேன்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஸாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"டைட் பண்ணேன் ஸார். கையெழுத்து வுட்டுப்போச்சு. ஸ்க்ரூ வுட்டுப்போவல. மேடம் பக்கத்துலதான் நின்னாங்க."

ஸார் என் பக்கம் திரும்பினார். நாலாவது 'டிக்' அன்றைக்கு என் காதில் விழுந்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு இரண்டு வார்த்தை போதும். சொன்னால் அடுத்த கேள்வி சூட்டுச் சோதனைக்குத் திரும்பும். திரும்பினால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்ல ஸார். வண்டி வந்துட்ட அவசரம்" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். மழை நாளில் எண் ஏறியதை அவர் அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "போய்ட்டு வாங்கோம்மா" என்று ஸார் சொன்னதும் போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியோடு அவர் வேலை முடிந்தது. வேலையை விட்டு எடுத்தோம் என்று யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். கடைசி நாள் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்து கொடுத்தார். என் மேஜைக்கும் ஒரு துண்டு வந்தது. நான் ஏதோ முக்கியமான வேலை போல திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேக்கை வைத்துவிட்டு, "வரேன் மேடம்" என்றார். நான் தலையாட்டினேன்.

ஜூன் மாதம் ஏதோ ஒரு கேபிளைத் தேடி அவர் மேஜை டிராயரைத் திறந்தேன். நோட்டு இருந்தது. புரட்டினால், மழை பெய்த அந்த மத்தியானம். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு வரியாக, நேரம், எண், சூடு. ஒரு வரிகூடத் தவறவில்லை. மேலே போன அதே பெட்டி, வெறும் ஏ.சி. நின்றதால் சூடேறியபோது எப்படிப் பொய் சொன்னது என்பது அதில் அப்படியே இருந்தது.

அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏற்றி, சூட்டுக்கான திருத்தத்தை அந்த எண்களிலிருந்து எடுத்து, விண்வெளியிலிருந்து வந்த அளவுகளில் போட்டேன். அலை படுத்துவிட்டது. அடியில் மெல்லிசாக, நாங்கள் தேடிய தள்ளு தெரிந்தது. எங்களிடம் அதே மாதிரி இன்னொரு பெட்டி இருந்தது. அதைக் கிண்டிக்குக் கொண்டுபோய் அந்த மிஷினில் வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே மாதிரிதான் அதுவும் ஏறியது. சென்சாரைப் பெட்டிக்குள் பொருத்தும்போதே உண்டாகும் அழுத்தத்தால், தயாரித்தவர்கள் சொன்னதைவிட அதிகமாகப் பொய் சொல்கிறது. ஸ்க்ரூவெல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. அவற்றை முடுக்குவதற்கு முன்பே, அந்த மழை நாளிலேயே, எண் ஏறியிருந்தது.

ஸாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் சோதனை செய்யாமல் டிக் போட்டது உட்பட. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு சொன்னார்.

"இப்போ இதை வெளியில சொன்னா கம்பெனி இருக்காது. புதுசா ஒரு முறையில திருத்தியிருக்கோம்னு மட்டும் ரிப்போர்ட் குடு. மத்ததை மறந்துடு."

"அந்த அக்கா, ஸார்?"

"அதான் போயாச்சேம்மா."

நான் அப்படியே ரிப்போர்ட் கொடுத்தேன். பேராசிரியைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவருடைய படிகம் நகர்ந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது, ஆறு வருட உழைப்பு வீணாகவில்லை. தன் கல்லூரியில் ஒரு கூட்டம் வைத்தார். மேடையில் என்னைக் கூப்பிட்டு, 'மூழ்கிப் போன அளவுகளை மீட்டெடுத்தவர்' என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் அம்மா அந்த போட்டோவை சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள்.

நான் அக்காவைத் தேடிப் போகவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். சைதாப்பேட்டையில் அவர் வீடு எந்தத் தெரு என்று எனக்குத் தெரியும். போன் நம்பரும் இருந்தது.

ஆடித் தள்ளுபடிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு தி.நகர் போனேன். ஐந்து மாடி ஜவுளிக்கடை. நிற்க இடமில்லை. காட்டன் புடவை பிரிவில் அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "அந்த மஞ்சளை எடும்மா" என்றாள். எடுத்துப் போட்டவர் அக்கா. கடையின் மெரூன் சீருடைப் புடவையில் இருந்தார். என்னைப் பார்த்தார். "வாங்க மேடம்" என்றார். எல்லோரையும் சொல்வது மாதிரியே.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்பது புடவையைப் பிரிக்க வைத்தாள். அக்கா ஒவ்வொன்றையும் பிரித்து, முந்தானையைக் காட்டி, மறுபடி மடித்தார். அம்மா ஒன்றை எடுத்துக்கொண்டு பில் போடும் வரிசைக்குப் போனதும்தான் எனக்கு வாய் வந்தது.

"அக்கா, அன்னிக்கு ஸ்க்ரூல ஒரு தப்பும் இல்ல. டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டேன். ஹீட் டெஸ்ட்டை நான்தான் பண்ணாம விட்டேன்."

"தெரியும் மேடம்" என்றார், மடித்துக்கொண்டே.

"எப்படிக்கா?"

"நா டைட் பண்ணது எனக்குத் தெரியாதா? நீங்கதான் டெஸ்ட் பண்ணி தெரிஞ்சிக்கணும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்கு நிறையவில்லை.

"அப்ப ஏன்க்கா நீங்க ஸார்கிட்ட சொல்லல? மழையில நம்பர் ஏறுனத?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். கடேசி நாளு வரிக்கும் பாத்தேன். கேக்கு குடுக்க வந்தேனே, அப்பக்கூட."

பக்கத்தில் ஒரு பெண்மணி பச்சை நிறம் கேட்டார். அக்கா எடுத்துப் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"ரெண்டு கம்பெனிக்கு இண்டர்வியூ போனேன் மேடம். சாலிடரிங் பண்ணிக் காட்டச் சொன்னாங்க, காட்டுனேன். நாளைக்கே வான்னாங்க. அப்புறம் உங்க ஆபீசுக்கு போன் பண்ணி கேட்டாங்களாம். அதோட சரி. யாரும் கூப்டல." கையிலிருந்த புடவையை மடித்து வைத்தார். "ஒண்ணு பண்ணுங்க. எம்மேல தப்பு இல்லைன்னு எழுதிக் குடுங்க. ஆபீஸ் லெட்டர்ல, சீல் போட்டு. வேற ஒண்ணும் வேணாம்."

தருகிறேன் என்று சொன்னேன். சத்தியமாகத் தருகிறேன் என்றே சொன்னேன்.

ஸார் ஒப்புக்கொள்ளவில்லை. லெட்டர்ஹெட்டில் அப்படி ஒரு வரி இருந்தால், அதைப் படிப்பவன் உடனே அப்படியானால் யார் மேல் தப்பு என்று கேட்பான், நீ என்ன சொல்வாய் என்றார். கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்தேன். பிறகு அவர் வெளியூர் போனார். பிறகு கம்பெனிக்கு அடுத்த வேலை கேட்டு விண்ணப்பம் எழுத வேண்டி வந்தது. இப்படியே ஐந்து வாரம் போய்விட்டது. கடைசியில் வெள்ளைத்தாளில் என் பெயரில் நானே எழுதினேன். ஸ்க்ரூக்கள் சரியாக முடுக்கப்பட்டன, நான் நேரில் பார்த்தேன், தவறு என்னுடையது, அளவுகளை மீட்டது இவர் எழுதி வைத்த எண்கள் என்று. கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு தி.நகர் போனேன்.

அக்கா ஒரு தூண் பக்கமாக ஒதுங்கி நின்று முழுவதையும் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"நல்லா எழுதிக்கீறீங்க. சீல் இல்லயே மேடம்."

"ஸார் போட மாட்டேங்கறாருக்கா. இது என் கையெழுத்து. யார் கேட்டாலும் நான் பேசறேன்."

"யாருக்கு போன் பண்ணுவாங்க? ஆபீசுக்குத்தான பண்ணுவாங்க. உங்களுக்கா பண்ணுவாங்க?" தாளை இருந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்தார். "நீங்களே வெச்சிக்கோங்க. இத வெச்சிக்கினு நா இன்னா பண்றது?"

கோபமாகச் சொல்லவில்லை. அளவு சரியில்லாத ரவிக்கைத் துணியைத் திருப்பித் தருகிற மாதிரி சொன்னார். சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டார். போய்விட்டார். நான் கீழே இறங்கி வந்து, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அடுத்த திங்கட்கிழமை, அக்காவைக் கூப்பிட்டு விசாரித்த அந்த ஆபீஸ் கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் ஆபீஸ் மெயிலிலிருந்தே நடந்ததை எழுதி அனுப்பினேன். பேராசிரியை போன் செய்தார். அவர் குரலில் எரிச்சல்தான் இருந்தது.

"அளவு சரியாகிவிட்டது, கட்டுரையும் அனுப்பியாகிவிட்டது. இதை இப்போது எதற்கு எல்லோருக்கும் சொல்கிறீர்கள்? டெக்னீஷியன் விஷயம் உங்கள் உள்விவகாரம் இல்லையா?" என்று கேட்டார்.

ஸார் அதன்பின் என்னிடம் நேராகப் பேசவில்லை. இரண்டு மாதத்தில் நானே விலகினேன். விலகியது தண்டனை ஒன்றும் இல்லை. எனக்கு ஒரே மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. விசாரித்தவர்களிடம் ஸார் என்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அந்த மெயிலை அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இதில் கம்பெனி பெயர் இருக்கிறது, இதைக் காட்டலாம் என்றும் எழுதினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. அதற்குப் பிறகு தி.நகரில் அந்தக் கடைப்பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு எங்காவது அவர் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கிறாரா, இல்லை இன்னமும் புடவைதான் மடித்துக்கொண்டிருக்கிறாரா, தெரியாது.

இப்போது இருக்கும் இடத்தில் நான் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடுவதில்லை. ரொம்பக் கறார் என்று சொல்கிறார்கள், பாராட்டாகவே சொல்கிறார்கள். அந்தப் பாராட்டு எனக்கு ஒட்டுவதில்லை. நான் தப்பு செய்ததற்கான விலையை எனக்குப் பதிலாக வேறொருவர் கொடுத்துவிட்டார், அதில் கற்ற பாடத்தை மட்டும் நான் வைத்துக்கொண்டு பிழைக்கிறேன் என்பது, ஒவ்வொரு தடவை பேனாவை எடுக்கும்போதும் எனக்குத் தெரிகிறது.